ஒரு செமஸ்டருக்கு மட்டும்

பிள்ளைக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொந்த ஆளையே வேலையை விட்டு நிறுத்திய குடும்பம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதிலும் கூத்து என்னவென்றால், நிறுத்தப்பட்டவரே முன்னால் வந்து, "என்னை நிறுத்துங்க" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் ஏன் சிரித்தோம் என்றிருக்கிறது.

பிழைக்க வந்த வேற்றுமொழி ஊரில் அவர்கள் நடத்துகிற சலவைக்கடையின் முன்மூலையில், கண்ணாடி ஜன்னலை ஒட்டி, என் தையல் மெஷின் கிடக்கிறது. ஜிப் மாற்றுவேன், பேன்ட்டின் நீளம் குறைப்பேன். இடத்துக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகக் கடைக்கு வருகிற கிழிசல் விரிப்புகளையெல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்துவிடுவேன். வீட்டுச் சட்டை துணிமணி துவைக்கிற கடை இல்லை அது. சுற்றுவட்டார ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு இவைதான் பிழைப்பு. காலையில் வேன் வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். பின்னால் துவைக்கிற மெஷின்கள், உலர்த்துகிற மெஷின்கள், விரிப்பை விழுங்கி இஸ்திரி போட்டுத் துப்புகிற நீள உருளை. அடைமழையில் தெருவே நடுங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே எங்களுக்கு வேர்த்துக் கொட்டும். வெயில் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மெஷின்களை முதலாளி பார்த்துக்கொள்வார். உருளை அவர் மனைவியின் பொறுப்பு. அவரை நான் அக்கா என்பேன். மூட்டையைப் பிரிக்கிறது அக்காவின் அண்ணன். மனைவி போன பிறகு தனிக்கட்டை. பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார் என்று பேர், தூங்குவதற்குத்தான் அங்கே போவார். கடை திறந்த நாளிலிருந்து கதவுக்கு எதிரே போட்ட நீள மேசைதான் அவர் இடம். மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றையும் உதறி, வெள்ளையைத் தனியாக, கறையைத் தனியாக, ஈரத் துண்டைத் தனியாகப் போடுவார். வாய் சும்மா இருக்காது.

"இந்த ரூம்காரன் படுக்கையிலயே உக்காந்து சாப்பிட்டிருக்கான் பாரு டெய்லர். குழம்ப முழுசா தலையணைக்கு ஊட்டியிருக்கான்."

"ராத்திரி லைட்ட அணைச்சுட்டு சாப்பிட்டானோ என்னவோ."

"அப்படின்னா வாய் எங்க இருக்குன்னு கூடவா தெரியாது?"

முதலாளிக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. மேசையில் குவியல் குறையாமல் கிடக்க, மெஷின்கள் வெறும் வயிற்றோடு காத்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் மனைவியின் அண்ணன். வாயைத் திறந்தால் வீட்டில் சாப்பாடு இறங்காது. "மச்சான், கொஞ்சம் சீக்கிரம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே பெண். பல தேசத்துப் பிள்ளைகள் வந்து படிக்கிற பெரிய பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்த அன்றைக்கே மாமன் அவளுக்கு மேனேஜர் என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கறைத்துணியை ஊறவைத்துக்கொண்டே எனக்கு ஒப்பிப்பார்.

"மேனேஜர் பட்டம்னா சும்மாவா டெய்லர்? கணக்குப்பதிவு பாஸ் பண்ணணும். பொருளாதாரம் பாஸ் பண்ணணும். புள்ளியியல்னு ஒண்ணு, அதுல ஒரு தடவை கோட்டை விட்டா, மறுபடி எழுதி வாங்கிட்டா. நம்ம பாஷை இல்லாம புதுசா ஒரு பாஷை படிக்கணும். பிறகு ஒரு கம்பெனில சம்பளம் இல்லாம வேலை பாக்கணும்."

"சம்பளம் இல்லாமலா?"

"ஆமா. அதுக்கும் நாமதான் ஃபீஸ் கட்டணும்."

"நல்லாருக்கே. நானும் ஒரு யுனிவர்சிட்டி ஆரம்பிக்கிறேன். காஜா எடுக்க ஆள் வேணும்."

"சிரிக்காத. நம்ம கடைல சின்னதுலேருந்து துண்டு மடிச்சிருக்காளே, அது செல்லாதான்னு கேட்டேன். சொந்தக்காரங்க கடை செல்லாதாம். அதையும் வெளியில போய் முடிச்சுட்டா. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கடைசி ப்ராஜெக்ட்."

அந்த ஒண்ணே ஒண்ணுதான் வீட்டைக் கெடுத்தது. நிஜமாக நடக்கிற ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு மாற்றம் செய்து, அதனால் வந்த பலனை நிரூபிக்க வேண்டும். தொழில் நடத்துகிறவரும் நேரில் வந்து தேர்வாளர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டும். இவள் ஒரு மரச்சாமான் கம்பெனியைப் பிடித்து வைத்திருந்தாள். செமஸ்டர் தொடங்குகிற நேரத்தில், எங்கள் உள்விவகாரத்தையெல்லாம் படிக்கிற பிள்ளைக்குக் காட்ட முடியாது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். உதவித்தொகை அந்த செமஸ்டரோடு முடிகிறது. இதை விட்டால் படித்ததெல்லாம் பட்டமில்லாமல் நிற்கும். வேறு வழியில்லாமல் அப்பாவின் கடையையே எடுக்கட்டுமா என்று கேட்டாள். ப்ராஜெக்ட்டுக்குச் சொந்தக் கடை செல்லும், ஆனால் மாற்றம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். கைடு என்றால் அவளுக்கு வழிகாட்டுகிற ஆசிரியை.

ஒரு மழை மத்தியானம். மெஷின்களை நிறுத்திவிட்டுப் பின்கட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் நனைந்துபோய் வந்தாள். தட்டைப் போட்டும் கை வைக்கவில்லை.

"கைடு ஒத்துக்கலம்மா. ரசீதுக்குப் புது டிசைன், ஃபோன்ல ஆர்டர், இதெல்லாம் மாற்றமே இல்லையாம்."

"வேற என்னத்த மாத்தச் சொல்றாங்க?" என்றார் முதலாளி.

"இங்க நடக்கிற வேலைய எல்லாம் வரிசையா எழுதிட்டுப் போனேன். வேன்லேருந்து இறக்குறது, பிரிக்கிறது, துவைக்கிறது, உலர்த்துறது, இஸ்திரி. அவங்க அதுல ஒண்ண மட்டும் சுழிச்சுக் குடுத்தாங்க."

எதை என்று அவள் சொல்லவில்லை. அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"பிரிக்கிறதையா?" என்று அண்ணன்தான் கேட்டார்.

"ஹோட்டல்லயே வெள்ளைக்கு ஒரு கலர் பை, கறைக்கு ஒரு கலர் பைன்னு போட்டு அனுப்பிட்டா இங்க அந்த வேலையே வேண்டாமாம் மாமா. பெரிய இடத்துல எல்லாம் அப்படித்தானாம். நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன் முடியாது? ஒரு செமஸ்டர்தானே. என்னை நிறுத்துங்க."

இங்கேதான் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கேலி பண்ணாதீங்க மாமா."

"கேலி என்ன கேலி? மாப்ள, நீங்க என்னை வேலைய விட்டுத் தூக்குங்க. மேனேஜர் பட்டம் வாங்கட்டும். பிறகு நான் வந்து என் இடத்துல நின்னுக்கிறேன். முடிஞ்சுது."

முதலாளி எதிரே பார்க்காமல் சாப்பிட்டார். "நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும் மச்சான்? நிறுத்தின மாதிரி எழுதிக்கிட்டாப் போதாதா?"

"பொய்க்கணக்குன்னு தெரிஞ்சா பட்டமே போயிடும்ப்பா" என்றாள் பெண். "செஞ்சா நிஜமா செய்யணும்."

"நிஜமாவே போறேன்னுதானே சொல்றேன். இத்தனை வருஷத்துல நான் லீவுன்னு ஒரு நாள் கேட்டிருக்கேனா? எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கிறேன்."

"சாப்பாட்டுக்காவது வருவீங்கல்ல அண்ணே?" என்றார் அக்கா.

"வரமாட்டேன் தங்கச்சி. வந்தா கை சும்மா இருக்காது. நாலு துணியப் பிரிச்சுப் போட்டுட்டா பிள்ளையோட கணக்கு கெட்டுப்போகும். டப்பால போட்டுக் குடுத்துவிடு."

அவ்வளவுதான் பேச்சு. பட்டத்துக்காக ஒரு நாடகம் போடுகிறோம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நாடகமும் முழு மனதோடு நடந்தது. கடைசி நாள் என்று அவர் மேசையைத் துடைத்து, எனக்குக் கை கொடுத்துவிட்டு, "டெய்லர், எனக்குப் பென்ஷன் உண்டான்னு மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பளத்தை வீட்டிலிருந்து கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். கொஞ்ச காலம் கொடுக்கவும் செய்தார்.

முதல் வாரம் ஹோட்டல்காரர்கள் முணுமுணுத்தார்கள். அறையைக் கூட்டுகிற பெண்கள் சிவப்புப் பையில் வெள்ளையையும் வெள்ளைப் பையில் வாழைப்பழத் தோலையும் போட்டு அனுப்பினார்கள். இவள் ஒவ்வொரு ஹோட்டலாகப் போய், படம் வரைந்து சுவரில் ஒட்டி, பேசிப் பழக்கிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வழிக்கு வந்துவிட்டது. வேன் வரும், பையை நேரே மெஷினில் கவிழ்ப்பார்கள், ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்தது. முதலாளி சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். மேசை வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். அந்த இடத்தில் பழைய உலர்த்தும் மெஷின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டார்.

"அண்ணன் வந்தா எங்க நிப்பாரு?" என்று அக்கா கேட்டதற்கு, "அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கடைக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். குடையைக் கூட விரிக்காமல் தூறலில் நின்றார். பகலெல்லாம் அறையில் உட்கார்ந்து கிடந்த முகம், வெளிறிப் போயிருந்தது.

"உள்ள வாங்கண்ணே."

"வேண்டாம். டெய்லர், கறை போகலன்னு ஏதாவது திரும்பி வந்துச்சா?"

"இல்லண்ணே."

"பேனா கீனா உள்ள கிடந்து, மை பட்டு?"

"அப்படி எதுவும் வரல."

"கலர்த்துண்டு வெள்ளையோட போயிருக்குமே?"

"முதல் வாரம் ஒரு தடவை. பிறகு இல்ல."

ஜன்னல் விளிம்பில் தேங்கிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான். திரும்பி வந்தா மேனேஜருக்கு மார்க் குறையும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் இல்லாமல் ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதுதான் உண்மை.

செமஸ்டர் முடிவில் தேர்வாளர்கள் முன் பேசுகிற நாள் வந்தது. குடும்பத்தாரும் வந்து பார்க்கலாம் என்றார்கள். கடையை அரைநாள் பூட்டிவிட்டு எல்லோரும் போனோம். முதலாளியின் பழைய கோட்டுக்கு நான்தான் அக்குளில் துணி விட்டுத் தைத்துக் கொடுத்தேன். அண்ணன் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குளிரூட்டிய ஹால். எங்களுக்கெல்லாம் உடம்பு வெடவெடத்தது. மேடையில் அவள் இந்த ஊர் மொழியில் மடமடவென்று பேசினாள். திரையில் கோடுகள் மேலே ஏறின, கீழே இறங்கின. ஏதாவது கோடு ஏறினால் அண்ணன் என்னை இடிப்பார்.

"எது ஏறினா நல்லது டெய்லர்?"

"எனக்கென்ன தெரியும்? பேசாம இருங்க."

தேர்வாளர்களில் ஓர் அம்மா முதலாளியைப் பார்த்து ஏதோ கேட்டார். முதலாளிக்குப் புரியவில்லை. பெண்தான் தமிழில் சொன்னாள்.

"ப்ராஜெக்ட் முடிஞ்ச பிறகும் இதே மாதிரிதான் நடத்துவீங்களான்னு கேக்குறாங்கப்பா."

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. முதலாளி யோசிக்கவே இல்லை.

"நடத்துவேன். இப்படித்தான் நடத்துவேன்."

அவள் அதை அவர்களுக்குச் சொன்னாள். தேர்வாளர்கள் மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டு எழுதினார்கள். அண்ணன் எனக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள நல்லா நடிக்கிறாரு" என்றார். சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கை தட்டினார். அக்கா கை தட்டவில்லை. முதலாளி நடிக்கத் தெரியாதவர் என்பது அவரைக் கட்டிக்கொண்டவருக்குத் தெரியாதா?

அவளுக்கு வகுப்பிலேயே நல்ல மார்க். அது தெரிந்த மறுநாள் காலையில், கடை திறக்கிற நேரத்துக்கு அண்ணன் வந்து நின்றார். கையில் சாப்பாட்டு டப்பா. உலர்த்தும் மெஷினைச் சுற்றி ஒரு நடை போனார்.

"மேசை எங்க மாப்ள?"

"மாடிப்படிக்கு அடில இருக்கு. உக்காருங்க மச்சான்."

"உக்காரவா வந்தேன்? ஒரு கை பிடிங்க, எடுத்துப் போட்டுரலாம்."

"அதுக்கு இல்ல மச்சான். இன்னும் பட்டம் கைக்கு வரல பாருங்க. இப்படித்தான் நடத்துவேன்னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன். யாராவது வந்து பாத்து, நீங்க இங்க நின்னுக்கிட்டு இருந்தா?"

"ஆமாமா. அதுவும் சரிதான். வந்து பாத்தாலும் பாப்பாங்க" என்று அவராகவே ஒப்புக்கொண்டு திரும்பிப் போனார். எவரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். தங்கச்சி புருஷன் பொய் சொல்லும்போது மடக்கிப் பேசத் தெரியாத மனுஷன். வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சம்பளமும் அந்த மாதத்தோடு நின்றுபோனது.

பட்டமளிப்பு முடிந்து பெண் பட்டத்தோடு வீட்டுக்கு வந்தாள். அக்கா ஆள் அனுப்பி அண்ணனைக் கடைக்கு வரவழைத்தார். பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அக்கா போய் அதை நிறுத்தினார்.

"இப்ப பட்டம் வந்தாச்சு. இனி என்ன சொல்லப் போறீங்க?"

முதலாளி கையில் இருந்த துண்டை மடித்தார், மறுபடி பிரித்தார். "நான் சொன்னா எல்லாருக்கும் தப்பாத் தெரியும். படிச்சவ அவ இருக்கா. அவளையே கேளு. அவ சொல்றபடி செய்யறேன்."

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதைவிட நல்ல நீதிபதி யார் கிடைப்பார் என்ற நிம்மதி அவருக்கு. "சொல்லு மேனேஜர். உன் கம்பெனில எனக்கு எங்க இடம்?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. "மாமா, உங்களுக்கு வேற எங்கயாவது பாக்கலாம் மாமா. நான் கூட வந்து விசாரிக்கிறேன்."

"ஏன்டி?" என்றார் அக்கா.

"நம்ம கடைல பிரிக்கிற வேலை இல்லம்மா."

"உனக்காகத்தான்டி போனாரு. யாரும் சொல்லியா போனாரு?"

"தெரியும்மா. அதுக்காக நான் எழுதினது பொய்யில்லையே. மாமாவத் திரும்ப வச்சா மெஷின் நின்னு நின்னுதான் ஓடும். பெரிய லாண்டரிக்காரங்க ஹோட்டல் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. அப்பா தாங்க மாட்டாரு." சொல்லிவிட்டு விசித்து அழுதாள். நடிப்பு இல்லை, நிஜமான அழுகைதான். அதனால்தான் எனக்கு அவளைத் திட்டவும் முடியவில்லை.

அண்ணன் எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்தார்.

"அழாத மேனேஜர். அங்க ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சுன்னு பேசக்கூடாது. நீ சரியாத்தான் சொல்ற."

அப்படியே வெளியே போய்விட்டார். கூடவே வந்து விசாரிக்கிறேன் என்றவளுக்கு அடுத்த வாரமே வேறு ஊரில் வேலை கிடைத்தது. பெரிய கம்பெனி. அந்தப் ப்ராஜெக்ட்டைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அண்ணன் பிறகு இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. மழைக்காலம் போய் வெயில் தொடங்கியிருந்தது. ஒரு நாள் முதலாளியும் அக்காவும் பெரிய கட்டில் விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அது உருளைக்குள் போகாத அகலம். கையால்தான் மடிக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஹோட்டலிலிருந்து வந்த பைகள் பக்கத்தில் வரிசையாக நின்றன. முதலாளி அவற்றைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமாப் பிரிச்சு அனுப்புறாங்க? ஒரு பைல கூடக் கலப்பு இல்ல. மத்த ஹோட்டல்காரனும் இவங்களப் பாத்துக் கத்துக்கணும்."

"அங்க பிரிக்கிறது எங்க அண்ணன்" என்றார் அக்கா.

முதலாளி விரிப்பை இழுத்து நேராக்கினார்.

"கூட்டுற பொண்ணுங்க எங்களால முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். அடித்தளத்துல, ஜன்னலே இல்லாத ரூம்ல உக்காத்தி வச்சிருக்காங்க. இங்க குடுத்ததுல பாதிதான் சம்பளம். சுவர்ல உங்க பொண்ணு வரைஞ்ச படம் ஒட்டியிருக்காம். அதைப் பாத்துப் பாத்துப் போடச் சொல்றாங்களாம்."

முதலாளி அந்தப் பைகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "மச்சானுக்கும் பொழுது போகுது."

அக்கா தன் கையில் இருந்த இரண்டு நுனிகளையும் விட்டுவிட்டார். துவைத்து உலர்த்திய விரிப்பு தரையில் விழுந்தது. பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே போனார். முதலாளி தன் பக்கத்து நுனிகளைப் பிடித்தபடி நின்று, என் பக்கம் திரும்பி, "டெய்லர், கொஞ்சம் வந்து பிடிங்க" என்றார். எனக்கு ஜிப் வேலை இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.